ஊருக்கு மேல ஒரு மலைச் சுத்து: லூப் ட்ரெக் போறவங்க அடிக்கடி கேட்கிற கேள்விகள்

சின்ன ஊர்ல கிளம்பி, அதுக்குப் பின்னாடி நிக்கற மலையில ஏறி, முகட்டு வழியா கொஞ்ச தூரம் நடந்து, இன்னொரு பக்கமா இறங்கி அதே ஊருக்கு வந்து சேர்ற ஒருநாள் நடையைப் பத்தித்தான் இங்க பேசறோம். கயிறு கட்டி ஏறறது, கூடாரம் போட்டு நாலு நாள் தங்கறது எல்லாம் இதுல வராது.

போன வழியிலயே திரும்பி வர்றதுக்கும் லூப் போறதுக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்?

பாக்கறதுக்கு லூப்தான் நல்லாருக்கும், பாத்ததையே திரும்பப் பாக்க வேண்டியதில்ல, முகட்டுல நடக்கறப்ப ஒரு பக்கம் ஊரும் வயலும், மறுபக்கம் அடுக்கடுக்கா மலையும்னு ரெண்டு உலகம் தெரியும். ஆனா ஒரு விஷயத்தை யாரும் சொல்றதில்ல. போன வழியில திரும்பறவங்களுக்கு இறங்கற பாதை ஏற்கனவே தெரிஞ்ச பாதை, எங்க வழுக்கும், எங்க பிரியும், எங்க தண்ணி இருக்குன்னு காலையிலயே பாத்தாச்சு. லூப்ல கடைசி வரைக்கும் எல்லாமே புதுசு. கால் சோர்ந்து, தண்ணி குறைஞ்சு, கவனம் சிதறி இருக்கற நேரத்துலதான் தெரியாத பாதை வருது. லூப்புக்குன்னு தனியா யோசிக்க வேண்டியது எல்லாமே இந்த ஒண்ணுலேர்ந்துதான் வருது.

எவ்வளவு நேரம் ஆகும்னு எப்படிக் கணக்குப் போடறது?

தூரத்தை மட்டும் பாத்துட்டு "12 கிலோமீட்டர்தானே, ரெண்டரை மணி நேரம்"னு கிளம்பறவங்கதான் சாயங்காலம் டார்ச் தேடுவாங்க. வில்லியம் நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்து மலையேறி 1892-ல ஒரு கணக்கு சொன்னாரு, இன்னிக்கும் அதைத்தான் பாதிப் பேர் யூஸ் பண்றாங்க. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோட ஏறற ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். இறக்கத்தை அவரு கணக்குல எடுக்கல, பின்னாடி வந்தவங்க அதுல திருத்தம் பண்ணாங்க, இறக்கம் செங்குத்தா இருந்தா ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 10 நிமிஷம் கூட்டணும், மெல்லிசான சரிவா இருந்தா 10 நிமிஷம் கழிச்சுக்கலாம்.

ஒரு லூப்பை எடுத்துப் போட்டுப் பாப்போம். மொத்தம் 12 கிலோமீட்டர், ஏத்தம் 750 மீட்டர். (லூப்ல எவ்வளவு ஏறினோமோ அவ்வளவும் இறங்கித்தான் ஆகணும், அதனால இறக்கமும் 750.) தூரத்துக்கு 2 மணி 24 நிமிஷம், ஏத்தத்துக்கு 1 மணி 15 நிமிஷம், இறக்கம் செங்குத்துன்னு வெச்சுக்கிட்டா இன்னொரு 25. ஆக 4 மணி 4 நிமிஷம். இது நிக்காம நடந்தா! மூச்சு வாங்க நிக்கறது, சாப்பிடறது, போட்டோ, ஷூவுல கல்லு, கூட வர்றவரு "ரெண்டே நிமிஷம்"னு உக்கார்றது எல்லாம் சேத்தா அஞ்சரை மணி நேரம்னு வெச்சுக்கறதுதான் நியாயம். பழக்கமில்லாதவங்க ஆறரைன்னு வெச்சுக்கோங்க.

கும்பலாப் போறப்ப, இருக்கறவங்கள்ல மெதுவா நடக்கறவரோட வேகம்தான் மொத்த கும்பலோட வேகம். அவரை முன்னாடி விட்டு நடங்க.

எந்தப் பக்கமா சுத்தணும், வலமா இடமா?

இதுக்கு ஒரே பதில் கிடையாது, ஆனா ரூட் தேர்ந்தெடுக்கறதைவிட இதுதான் முக்கியம்னு நான் சொல்லுவேன். நாலு விஷயம் பாக்கணும், சில சமயம் நாலும் நாலு திசையைக் காட்டும்.

முதல்ல சரிவு. ஒரு பக்கம் செங்குத்து, இன்னொரு பக்கம் மெல்லிசுன்னா, செங்குத்துல ஏறி மெல்லிசுல இறங்கறது பெரும்பாலானவங்களுக்கு நல்லது. செங்குத்து ஏத்தம் மூச்சைத்தான் வாங்கும், செங்குத்து இறக்கம் முட்டியையே வாங்கிடும். கையை ஊணி ஏற வேண்டிய பாறை இருந்தா இதுல சந்தேகமே வேணாம், பாறையில ஏறறப்ப கால் வைக்கற இடம் கண்ணு முன்னாடி தெரியும், இறங்கறப்ப அது வயித்துக்குக் கீழ மறைஞ்சு போயிடும்.

ரெண்டாவது வெயில். மேற்குப் பார்த்த சரிவு காலையில நிழல்ல இருக்கும், அதுல ஏறினா பாதி வேர்வை மிச்சம். பூமியோட வடபாதியில, அதுவும் வெப்பமண்டலத்தைத் தாண்டின ஊர்கள்ல, வடக்குப் பார்த்த சரிவு ரொம்ப நேரம் ஈரமாவே இருக்கும், குளிர்காலத்துல பனிக்கட்டியும் நிக்கும், அந்தப் பக்கம் இறங்கறது வழுக்கல்.

மூணாவது வானிலை. மொட்டையான முகடு மதியத்துக்கு முன்னாடி முடியற மாதிரி திசை வைங்க, மதியத்துக்கு மேல மேகம் கட்டும், இடியும் வரலாம், அதைப் பத்தின கேள்விகள் கீழ இருக்கு.

நாலாவது, பின்பாதியில தப்பிக்க வழி. இறங்கற பக்கத்துல வண்டிப்பாதையோ குறுக்குப்பாதையோ வந்து சேருதான்னு மேப்ல பாருங்க. அப்படி ஒண்ணு இருக்கற பக்கத்தைப் பின்பாதிக்கு வெச்சுக்கறது புத்திசாலித்தனம்.

காட்சிக்காகத் திசையை மாத்தறவங்களும் உண்டு, நல்ல மலைத்தொடர் முகத்துக்கு நேரா இருக்கற மாதிரி நடக்கணும்னு. தப்பில்ல, ஆனா அது அஞ்சாவது காரணம். பெரிய லூப்கள்லயும் திசை சும்மா வந்ததில்ல. நேபாளத்துல அன்னபூர்ணா சுத்தை இடஞ்சுழியாப் போறதுக்குக் காரணம், 5,416 மீட்டர்ல இருக்கற தோரோங் கணவாய்க்கு அந்தப் பக்கத்துலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா ஏறலாம், எதிர்ப்பக்கம் வந்தா ஒரே நாள்ல ரொம்ப உயரம் ஏறணும். கைலாயத்தை இந்துக்களும் பௌத்தர்களும் வலமா வர்றாங்க, திபெத்தோட பழைய சமயமான போன் (Bon) சமயத்துக்காரங்க இடமா வர்றாங்க, அங்க காரணம் வேற.

பாதி வழியில முடியலைன்னா திரும்பிடலாமா, இல்ல முன்னாடி போறதுதான் கிட்டயா?

இந்தக் கேள்விக்குத்தான் நிறையப் பேர் கிட்ட தப்பான பதில் இருக்கு. "பாதி தாண்டியாச்சு, இனிமே முன்னாடி போறதுதான் லாபம்"னு சொல்லுவாங்க. பாதின்னா எதுல பாதி?

மேல சொன்ன 12 கிலோமீட்டர் லூப்பையே எடுத்துக்கோங்க. உச்சி 5-ஆவது கிலோமீட்டர்ல இருக்கு, ஏத்தம் முழுசும் அதுக்குள்ள முடிஞ்சிடுது. உச்சிக்கு வர 1 மணி, அதோட ஏத்தத்துக்கு 1 மணி 15, ஆக 2 மணி 15 நிமிஷம். தூரத்துல பாதிகூட வரல, ஆனா நேரத்துல பாதிக்கு மேல போயாச்சு. இப்ப உச்சியில நின்னு யோசிங்க. வந்த வழியில திரும்பினா 5 கிலோமீட்டர் இறக்கம், 1 மணி 25 நிமிஷம். முன்னாடி போனா 7 கிலோமீட்டர், 1 மணி 49 நிமிஷம். அதாவது உச்சியில நிக்கறப்பகூட திரும்பறதுதான் கிட்ட, அதுவும் தெரிஞ்ச பாதை.

ஆனா அங்கேர்ந்து அந்தப் பக்கமா ஒரு 100 மீட்டர் உயரம் இறங்கிட்டா கணக்கு தலைகீழ். திரும்பணும்னா இறங்கின உயரத்தை மறுபடி ஏறணும், சோர்ந்து போனவங்க கிட்ட "மறுபடி மேல ஏறு"ன்னு யாராலயும் சொல்ல முடியாது, சொன்னாலும் கேக்க மாட்டாங்க. அதனால முடிவெடுக்கற இடம் உச்சிதான். அங்க உக்காந்து தண்ணி குடிக்கறப்பவே கூட வந்த ஒவ்வொருத்தரையும் கேளுங்க: முட்டி எப்படி இருக்கு, தண்ணி எவ்வளவு மிச்சம், மணி என்ன, அந்தப் பக்கம் மேகம் எப்படி இருக்கு. இதுல ஒண்ணு சரியில்லைன்னா வந்த வழியே இறங்குங்க, லூப் முழுசாகலயேன்னு ஆப்ல கோடு பாதியில நிக்கும், நிக்கட்டும்.

வீட்டுலயே ஒரு நேரத்தை எழுதி வெச்சுக்கோங்க, "11 மணிக்குள்ள உச்சிக்கு வரலைன்னா திரும்பறோம்"னு. மேல போன பிறகு யோசிச்சா ஆசை ஜெயிச்சிடும்.

மேலேர்ந்து ஊர் நல்லாத் தெரியுதே, பாதை சுத்திக்கிட்டுப் போகுது, நேரா இறங்கிட்டா என்ன?

வேணாம். ஊருக்கு மேல இருக்கற மலைகள்ல இருக்கற பெரிய ஆபத்தே இதுதான், ஊர் தெரியறது. நாய் குரைக்கறது கேக்கும், பஸ் போறது தெரியும், கூரைகளை எண்ணலாம், அரை மணி நேரத்துல போயிடலாம்னு தோணும்.

மலைச்சரிவு நிறைய இடத்துல கவுத்து வெச்ச சட்டி மாதிரி வளைஞ்சு இறங்கும். மேல நிக்கறவங்களுக்கு முதல் 50 மீட்டர் புல்வெளி தெரியும், அதுக்கப்புறம் நேரா ஊர் தெரியும், நடுவுல இருக்கற செங்குத்துப் பாறை மட்டும் தெரியாது, ஏன்னா சரிவு வளையற இடத்துக்குக் கீழ அது ஒளிஞ்சிருக்கும். பாதை ஏன் சுத்திப் போகுதுன்னா அந்தப் பாறையை விட்டு விலகித்தான் போகுது, பாதை போட்டவங்க சோம்பேறிங்க இல்ல. இறங்கி மாட்டிக்கிட்டா திரும்பி ஏறறதும் கஷ்டம், புல்லைப் பிடிச்சு வழுக்கி இறங்கின இடத்துல புல்லைப் பிடிச்சு ஏற முடியாது.

ஓடையைப் பிடிச்சுக்கிட்டே போனா ஊருக்குப் போயிடலாம்னு ஒரு யோசனையும் சுத்திக்கிட்டு இருக்கு. ஓடை கண்டிப்பா கீழதான் போகும், ஆனா அருவியா விழுந்தும் போகும், நம்மளால அப்படிப் போக முடியாது.

மேப்ல வளைவு வளைவா கோடு இருக்கே, அதை எப்படிப் படிக்கறது?

அதுக்குப் பேரு கான்டூர், சம உயரக் கோடு. ஒரே கோட்டுல இருக்கற எல்லா இடமும் ஒரே உயரம். கோடுகள் நெருக்கமா இருந்தா செங்குத்து, தள்ளித் தள்ளி இருந்தா மெல்லிசான சரிவு. ரெண்டு கோட்டுக்கு நடுவுல எத்தனை மீட்டர்னு மேப் ஓரத்துல போட்டிருக்கும், 10 இல்லன்னா 20 மீட்டர்னு பரவலா இருக்கும், அதைப் பாக்காம கோடு நெருக்கத்தை மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க. பொதுவா அஞ்சு கோட்டுக்கு ஒரு கோடு தடிமனா இருக்கும், உயரம் அதுலதான் எழுதியிருப்பாங்க.

கோடு கூரா மடங்கற இடங்களைப் பாருங்க. மடிப்போட முனை உயரமான பக்கம் பாத்திருந்தா அது பள்ளத்தாக்கு, அங்க ஓடை இருக்கும். முனை தாழ்வான பக்கம் பாத்திருந்தா அது முகடு. இந்த ஒண்ணு தெரிஞ்சாலே வீட்டுல உக்காந்துக்கிட்டே பாதை எங்க ஓடையைத் தாண்டுது, எங்க முகட்டுல ஏறுதுன்னு சொல்லிடலாம். பாதை கோடுகளைக் குறுக்க வெட்டிக்கிட்டே போனா ஏத்தமோ இறக்கமோ, கோட்டுக்கு இணையாவே போனா சமதரை.

போன்ல ஆப் இருக்கு, ஆனா மேல சிக்னல் இருக்காதாமே?

இடம் காட்டறதுக்கு சிக்னல் வேணாம். ஜிபிஎஸ்ங்கறது செயற்கைக்கோள்லேர்ந்து வர்ற அலையை போன் வாங்கிக்கறது மட்டும்தான், டவருக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. சிக்னல் இல்லன்னா மேப் படம்தான் லோட் ஆகாது, நீல நிறப் புள்ளி வெள்ளைத் திரையில தனியா நிக்கும். அதனால வைஃபை இருக்கற இடத்துலயே அந்தப் பகுதி மேப்பை ஆஃப்லைன்ல இறக்கிட்டு, ஏரோப்ளேன் மோடுல போட்டு ஒரு தடவை திறந்து பாத்துடுங்க.

மேல போனதும் ஏரோப்ளேன் மோடுலயே வைங்க, இல்லன்னா போன் டவரைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்னுடும். குளிர்லயும் பேட்டரி சீக்கிரம் இறங்கும், பையோட வெளிப்பக்கம் வைக்காம சட்டைக்குள்ள வெச்சுக்கோங்க. பவர் பேங்க் இருந்தா கேபிளையும் எடுத்துக்கோங்க, அதை மறக்கறவங்கதான் ஜாஸ்தி. காகித மேப் ஒண்ணு மடிச்சு வெச்சுக்கறதுல எடை ஒண்ணும் ஏறிடாது.

காட்சி நல்லாத் தெரிய எத்தனை மணிக்கு மேல இருக்கணும்?

காலையில. வெயில் ஏற ஏற சரிவு சூடாகி, அதை ஒட்டின காத்து மேல எழும்பும், எழும்பற காத்து குளிர்ந்து மேகமாகும், மதியத்துக்கு உச்சி மேகத்துக்குள்ள போயிடும். காலையில தெளிவா இருந்த மலை மத்தியானம் மூஞ்சியை மூடிக்கறதுக்கு இதுதான் காரணம்.

இன்னொண்ணு, காலையிலயும் சாயங்காலமும் வெளிச்சம் சாய்வா விழறதால மடிப்பு, பள்ளம், வரப்பு எல்லாம் நிழலோட எடுப்பாத் தெரியும். உச்சி வெயில்ல எல்லாம் தட்டையாயிடும், போட்டோவுல மலை வெளிறிப் போய் நிக்கும். சாயங்காலமும் அழகுதான், ஆனா சாயங்கால வெளிச்சத்துல உச்சியில நிக்கறவங்க இருட்டுல இறங்கணும்.

காத்தில்லாத தெளிவான இரவுக்கு அப்புறம் விடியற்காலையில குளிர்ந்த காத்து பள்ளத்தாக்குல தேங்கிடும், மேல இருக்கற காத்து அதைவிட வெதுவெதுப்பா இருக்கும். அப்ப ஊர் மேல மட்டும் பனிமூட்டம் படுத்திருக்கும், நீங்க அதுக்கு மேல வெயில்ல நிப்பீங்க. கீழ மூட்டமா இருக்கேன்னு தூங்கப் போனவங்களுக்கு இது கிடைக்காது. சூரியன் முதுகுப் பக்கமும் மூட்டம் முகத்துக்கு நேராவும் இருந்தா, மூட்டத்து மேல விழற உங்க நிழலோட தலையைச் சுத்தி வானவில் மாதிரி ஒரு வளையம் வரும். ஜெர்மனியில ப்ரோக்கன் மலையில அடிக்கடி பாத்ததால அந்த நிழலுக்கு ப்ரோக்கன் பூதம்னே பேரு வந்துடுச்சு. பக்கத்துல நிக்கறவரோட தலைக்கு வளையம் இருக்கறது உங்களுக்குத் தெரியாது, அவருக்கு உங்களுது தெரியாது, ஆளாளுக்கு அவங்கவங்க தலை மட்டும்தான் மின்னும்!

உச்சியிலேர்ந்து எவ்வளவு தூரம் வரைக்கும் தெரியும்?

சுத்தி சமவெளியோ கடலோ இருந்தா, அதுக்கு மேல நீங்க நிக்கற உயரத்தை மீட்டர்ல எடுத்து, அதோட வர்க்கமூலத்தை 3.57-ஆல பெருக்குங்க, அடிவானம் எத்தனை கிலோமீட்டர்னு வரும். 400 மீட்டர் உயரத்துல நின்னா சுமார் 71 கிலோமீட்டர், 900 மீட்டர்னா சுமார் 107. தூரத்துல இன்னொரு பெரிய மலை இருந்தா அதோட தலை அடிவானத்துக்கு அப்பாலிருந்தும் எட்டிப் பாக்கும். தூசியும் ஈரமும் இருக்கற நாள்ல இதெல்லாம் ஏட்டுக்கணக்குதான், மழை விட்ட மறுநாள் காலையில போனா காத்து கழுவி விட்ட மாதிரி இருக்கும்.

இடி இடிக்க ஆரம்பிச்சா என்ன பண்றது?

முகட்டை விட்டு இறங்குங்க, உடனே. மழை வரலையேன்னு நிக்காதீங்க, மின்னல் மழைக்குக் காத்திருக்காது. மின்னல் தெரிஞ்சதுலேர்ந்து இடி கேக்கற வரைக்கும் விநாடியை எண்ணி மூணால வகுத்தா எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்குன்னு கிடைக்கும். 30 விநாடிக்குள்ள கேட்டா அது 10 கிலோமீட்டருக்குள்ள இருக்கு, ஆபத்து. கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆகற வரைக்கும் மறுபடி மேல ஏறக் கூடாது.

தனியா நிக்கற மரத்துக்கு அடியில ஒதுங்காதீங்க, ஆழமில்லாத பாறை இடுக்குக்குள்ளயும் உக்காராதீங்க, மின்னல் பாறை வழியாப் பாஞ்சு வரும். கும்பலா ஒட்டிக்கிட்டு நிக்காம தள்ளித் தள்ளி இருக்கணும், ஒருத்தருக்கு ஏதாவது ஆனா மத்தவங்க உதவ முடியணுமே.

மூடுபனி வந்து பாதை தெரியலைன்னா?

நில்லுங்க. கடைசியா எந்த இடத்துல நிச்சயமா பாதையில இருந்தோம்னு யோசிச்சு, மேப்லயும் பாத்து, அந்த இடத்துக்குத் திரும்புங்க. "இப்படித்தான் இருக்கும்"னு ஊகத்துல முன்னாடி போறது கூடாது. மூட்டம் பல சமயம் விலகி விலகி வரும், இருபது நிமிஷம் காத்திருந்தா அடுத்த அடையாளக்கல் தெரிய வாய்ப்பிருக்கு.

ஷூ வாங்கணுமா, சாதாரண ஓட்டப் பயிற்சி ஷூ போதாதா?

பாதை ஒழுங்கா இருந்தா, அடிப்பக்கம் நல்லாப் பல்லு வெச்ச ஓட்ட ஷூவே போதும். கல்லும் சரளையுமா இருந்தா, அடிப்பாகம் கெட்டியா இருக்கற ஷூ உள்ளங்காலைக் காப்பாத்தும். எதுவா இருந்தாலும் புது ஷூவோட நேரா மலைக்குப் போகாதீங்க, தெருவுல சில நாள் நடந்து பழக்குங்க.

இறக்கத்துலதான் ஷூவோட லட்சணம் தெரியும். கால் முன்னாடி வழுக்கி, விரல் ஷூ முனையில இடிச்சுக்கிட்டே வரும், ரெண்டு மணி நேரம் இடிச்சா பெருவிரல் நகம் கருத்துடும். அதுக்கு உச்சியில உக்காந்து ரெண்டு வேலை பண்ணுங்க. குதிகாலைத் தரையில தட்டி, கால் முழுசா ஷூவோட பின்பக்கம் ஒட்டற மாதிரி உக்கார வைங்க. அப்புறம் கணுக்கால்கிட்ட இருக்கற கடைசித் துளையில கயிறை அந்தந்தப் பக்கமே திரும்ப விட்டு ஒரு சின்ன வளையம் பண்ணி, எதிர்ப்பக்கத்துக் கயிறை அந்த வளையத்துக்குள்ள நுழைச்சு இழுத்துக் கட்டுங்க. குதிகால் பூட்டின மாதிரி நிக்கும், முன்பக்கம் விரல் ஆட இடம் இருக்கும். கிளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி கால் நகத்தை வெட்டிடுங்க.

சாக்ஸ் பருத்தி வேணாம், ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும், ஈரமும் உரசலும் சேந்தாத்தான் கொப்புளம். எங்கயாவது சுடற மாதிரி இருந்தா அப்பவே நின்னு டேப் ஒட்டுங்க, கொப்புளம் வந்தப்புறம் ஒட்டறதுல பாதிப் பிரயோஜனம்தான்.

ட்ரெக்கிங் குச்சி வயசானவங்களுக்குத்தானே?

இல்ல. இறக்கத்துல மூட்டு மேல விழற பாரத்துல கொஞ்சத்தைக் கை வாங்கிக்கும், ஓடை தாண்டறப்ப மூணாவது கால். ஏறறப்ப குட்டையா, இறங்கறப்ப நீளமா வெச்சுக்கோங்க. கையால பிடிச்சு ஏற வேண்டிய பாறை வந்தா மடிச்சுப் பையில போட்டுடுங்க, அங்க அது இடைஞ்சல்.

தண்ணி எவ்வளவு? வழியில ஓடைத் தண்ணி குடிக்கலாமா?

மணிக்கு அரை லிட்டர்னு வெச்சு ஆரம்பிங்க, வெயில் கடுமையா இருந்தா அதுக்கு மேல. அஞ்சரை மணி நேர லூப்புக்கு மூணு லிட்டர், எடையா இருக்கும், குடிக்கக் குடிக்கக் குறையும். வெறும் தண்ணி மட்டும் குடிக்காம இடையில உப்பும் இனிப்பும் இருக்கற ஏதாவது கொறிங்க.

ஓடை எவ்வளவு தெளிவா இருந்தாலும் மேல ஆடு மாடு மேயுதா, செத்துக் கிடக்குதான்னு உங்களுக்குத் தெரியாது. கொதிக்க வெச்சுக் குடிங்க, நல்லாத் தளதளன்னு கொதிச்சு ஒரு நிமிஷம், 2,000 மீட்டருக்கு மேலன்னா மூணு நிமிஷம், ஏன்னா உயரத்துல தண்ணி கம்மி சூட்டுலயே கொதிச்சிடும். ஒருநாள் நடையில இதுக்கெல்லாம் அடுப்பு தூக்கறதுக்குப் பதிலா முழுசாக் கொண்டு போறதே மேல்.

கீழ வெயில் கொளுத்துது, ஸ்வெட்டர் எதுக்கு?

1,000 மீட்டர் ஏறினா சராசரியா ஆறரை டிகிரி குறையும். அதோட முகட்டுல காத்து, அதோட வேர்வையில நனைஞ்ச சட்டை. ஏறி முடிச்சு உக்காந்த பத்து நிமிஷத்துல நடுக்கம் எடுக்கறது இதனாலதான். காத்துத் தடுக்கற மெல்லிசான ஜாக்கெட் ஒண்ணு, மாத்திக்க காய்ஞ்ச சட்டை ஒண்ணு. தொப்பியும் சன்ஸ்க்ரீனும் குளிர்ல வேணாம்னு நினைக்காதீங்க, ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக்கதிர் சுமார் 10 சதவீதம் கூடும், குளிருக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

உயரத்தால தலைசுத்து வருமா?

2,500 மீட்டருக்குக் கீழ இருக்கற மலையில அந்தக் கவலை பெரும்பாலும் வேணாம். அதுக்கு மேலன்னா தலைவலி, குமட்டல் வந்துதுன்னா மாத்திரை போட்டு ஏறறதில்ல, இறங்கறதுதான் வைத்தியம்.

"ஈஸி", "மீடியம்"னு போட்டிருக்கறதை நம்பலாமா?

யாரு போட்டாங்கங்கறதைப் பொறுத்தது. ஆப்ல போடறவரு தினமும் ஓடறவரா இருந்தா அவருக்கு எல்லாமே ஈஸி. ஸ்விட்சர்லாந்துல இதை ஒழுங்கு பண்ணி வெச்சிருக்காங்க, மஞ்சள் குறின்னா சாதாரணப் பாதை, வெள்ளை-சிவப்பு-வெள்ளைன்னா மலைப்பாதை, கால் நிதானம் வேணும், வெள்ளை-நீலம்-வெள்ளைன்னா பாறை, பனி எல்லாம் வரும். அங்க பலகையில போட்டிருக்கற நேரத்துல ஓய்வு சேராது. இந்த மாதிரி முறை இல்லாத இடத்துல மொத்த ஏத்தம் எத்தனை மீட்டர்னு கேளுங்க, அந்த ஒரு எண்ணு எந்த அடைமொழியையும்விட உண்மை பேசும்.

தனியாப் போகலாமா?

போகலாம், தெரிஞ்ச மலைன்னா. எந்த ரூட், எந்தத் திசையில சுத்தறோம், எத்தனை மணிக்குள்ள வரலைன்னா தேடணும்னு ஒருத்தர்கிட்ட எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. லூப்ல திசையைச் சொல்லலைன்னா தேடறவங்க எந்தப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிப்பாங்க? வனப்பகுதியா இருந்தா அனுமதி வேணுமான்னும் முன்னாடியே விசாரிச்சிடுங்க.

அடிபட்டு நடக்க முடியலைன்னா உதவி எப்படிக் கூப்பிடறது?

112 அடிங்க, நிறைய நாட்டுல இதுதான் அவசர எண், உங்க கம்பெனி சிக்னல் இல்லன்னாலும் வேற கம்பெனி டவர் எட்டினா பெரும்பாலும் அது வழியாப் போகும். எதுவுமே எட்டலைன்னா விசில். மலையில உதவி கேக்கற முறை நிமிஷத்துக்கு ஆறு தடவை, அப்புறம் ஒரு நிமிஷம் இடைவெளி, மறுபடி ஆறு. ராத்திரின்னா அதே கணக்குல டார்ச். யாராவது நிமிஷத்துக்கு மூணு தடவை பதில் கொடுத்தா கேட்டுடுச்சுன்னு அர்த்தம், ஆனாலும் அவங்க வந்து சேர்ற வரைக்கும் ஊதிக்கிட்டே இருங்க, சத்தம் வெச்சுத்தான் இடத்தைக் கண்டுபிடிப்பாங்க. கத்தினா பத்து நிமிஷத்துல தொண்டை போயிடும்.

அடிபட்டவருக்குக் கீழயும் ஏதாவது விரிங்க, தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிடும்.

இருட்டறதுக்கு எவ்வளவு நேரம் இருக்குன்னு விரலை வெச்சுப் பாக்கலாமாமே?

கையை நீட்டி அடிவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவுல எத்தனை விரல் அடங்குதுன்னு பாக்கறது, ஒரு விரலுக்கு 15 நிமிஷம்னு சொல்லுவாங்க. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்துல இருக்கறவங்க இதை நம்பினா மாட்டிக்குவாங்க. அங்க சூரியன் கிட்டத்தட்ட நேரா இறங்கும், மணிக்கு 15 டிகிரி, நாலு விரல் சேத்தா சுமார் 8 டிகிரிதான், அதனால நாலு விரல்னா ஒரு மணி நேரம் இல்ல, அரை மணி நேரம்தான். அந்தி வெளிச்சமும் அங்க இருபது இருபத்தஞ்சு நிமிஷத்துல போயிடும். மேற்குப் பக்கம் இன்னொரு மலை நின்னா சூரியன் அதுக்கும் முன்னாடியே மறைஞ்சிடும். தலையில மாட்டற லைட் ஒண்ணு பையிலயே கிடக்கட்டும், பகல் நடைக்கும்.

அட்டை, உண்ணி?

அட்டை கடிச்சா நகத்தால அதோட வாய்ப்பக்கத்தைச் சுரண்டி எடுத்துட்டுக் கழுவுங்க, ரத்தம் கொஞ்ச நேரம் நிக்காம வரும், பயப்பட வேணாம். உண்ணி அப்படியில்ல, நோய் பரப்பும். கூரான இடுக்கியால தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா மெதுவா இழுங்க, நசுக்கறது, நெருப்பு வைக்கறது எல்லாம் வேணாம். முட்டிக்குப் பின்னாடி, தொடை இடுக்கு, அக்குள், காதுக்குப் பின்னாடி எல்லாம் ஊருக்கு வந்ததும் தேடிப் பாருங்க.

ஒதுங்கணும்னா?

தண்ணியிலேர்ந்தும் பாதையிலேர்ந்தும் 60 மீட்டராவது தள்ளிப் போய், 15, 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி மூடிடுங்க. டிஷ்யூவை ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு வாங்க. கீழ இருக்கற ஊர் அந்த ஓடைத் தண்ணியைத்தான் குடிச்சுக்கிட்டு இருக்கலாம்.

குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போகலாமா?

உச்சி வரைக்கும் போய் அதே வழியில திரும்பற நடையில முதல்ல பழக்குங்க, எங்க வேணா திரும்பிடலாம். லூப்புக்கு அவசரமில்ல.

மறுநாள் ஒண்ணும் தெரியல, அதுக்கு அடுத்த நாள்தான் படி இறங்க முடியல, ஏதாவது ஆயிடுச்சா?

ஒண்ணும் ஆகல. இறங்கறப்ப தொடைத் தசை நீண்டுக்கிட்டே பாரத்தைத் தாங்குது, அதுல நுண்ணிய கிழிசல் வரும், அந்த வலி 24 மணி நேரத்துலேர்ந்து 72 மணி நேரத்துக்குள்ளதான் உச்சத்துக்கு வரும். ஏறினதுக்கான வலி இல்ல இது, இறங்கினதுக்கானது. படுத்தே கிடக்காம மெதுவா நடங்க, அடுத்த தடவை இதே அளவு இறங்கினா இவ்வளவு வலிக்காது, உடம்பு ஞாபகம் வெச்சுக்கும். ஆனா மூட்டுக்குள்ள வலி, வீக்கம், ஒரே பக்கம் மட்டும் குத்தற வலி, சிறுநீர் கருப்பா போறது இதெல்லாம் இருந்தா அது இந்தக் கணக்குல வராது, டாக்டரைப் பாருங்க.